ஒர்க்ஹவுஸ் பிள்ளைகள் கனடா போன வழியும், இன்று அவர்களைத் தேடும் வழியும்

கேள்வி இரண்டு பாகமாக இருக்கிறது. பிரிட்டனின் ஒர்க்ஹவுஸ்களில், அதாவது வழியற்ற ஏழைகளைப் பொதுப்பணத்தில் வைத்திருந்த விடுதிகளில், இருந்த பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பியது யார், எந்த அதிகாரத்தில்? அப்படிப் போன ஒருவரின் தடத்தை இன்று பிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் தேடத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பிள்ளை எந்த வாசல் வழியாக வெளியே போனது, அரசின் ஒர்க்ஹவுஸ் வாசல் வழியாகவா, தொண்டு இல்லத்தின் வாசல் வழியாகவா? இரண்டுக்கும் சட்டம் வேறு, பணம் வேறு, கையெழுத்து வேறு. அதனால் ஆவணம் கிடக்கும் இடமும் வேறு.

1869 முதல் 1930கள் வரை, துணைக்குப் பெற்றோர் இல்லாமல் கனடாவுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் பிள்ளைகள் சுமார் ஒரு லட்சம் பேர். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ‘ஹோம் சில்ட்ரன்’ என்று பெயர். ஒர்க்ஹவுஸிலிருந்து நேரே போனவர்கள் இந்தக் கூட்டத்தில் சிறுபான்மைதான். பெரும்பான்மையோரை அனுப்பியவை தொண்டு இல்லங்கள். லண்டனில் தாமஸ் பர்னார்டோ தொடங்கிய பர்னார்டோ இல்லம் மட்டுமே ஏறத்தாழ 30,000 பேரை அனுப்பியது. ‘ஹோம் சைல்ட்’ என்று ஒரு தாளில் பார்த்ததும் ‘ஒர்க்ஹவுஸ் அநாதை’ என்று குறித்துக்கொண்டு தேடுபவர்கள் பல மாதங்களை வீணாக்குவது இதனால்தான். ‘அநாதை’ என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தாய் தகப்பன் இருவரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். கணவனை இழந்த தாய், வேலை போன தகப்பன், ஆஸ்பத்திரியில் கிடந்த பெற்றோர் என்று கதை அப்படித்தான் தொடங்கும். சில மாதம் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்ப வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று விட்டுப்போன பிள்ளைகளும் கப்பலேறியிருக்கிறார்கள்.

முதலில் ஒர்க்ஹவுஸ் வாசல். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல பாரிஷ்கள் (திருச்சபை வட்டார ஊர்ப் பிரிவுகள்) சேர்ந்து ஒரு ‘யூனியன்’ ஆயின. ஒவ்வொரு யூனியனுக்கும் ஒரு ஒர்க்ஹவுஸ். அதை நடத்தியவர்கள் உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கார்டியன்கள், செலவு உள்ளூர் வரிப்பணம். ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் வைத்துச் சோறு போடுவதை விட, ஒரே ஒரு முறை செலவழித்துக் கடல் கடத்திவிட்டால் வரிச்சுமை குறையும் என்பது கார்டியன் கூட்டங்களில் வெளிப்படையாகவே பேசப்பட்ட கணக்கு. இரக்கமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டினால் கணக்குதான் முதலில் கண்ணில் படும்.

இதற்கு வழிவிட்டது 1850ஆம் ஆண்டுச் சட்டம். பதினாறு வயதுக்குட்பட்ட, பெற்றோரை இழந்த அல்லது கைவிடப்பட்ட பிள்ளைகளின் குடியேற்றச் செலவைக் கார்டியன்கள் ஏற்கலாம் என்றது அது. கூடவே ஒரு நிபந்தனை வைத்தது: பிள்ளை உள்ளூர் நீதிபதிகள் முன் நின்று, போகச் சம்மதம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தச் சம்மதச் சான்றும் கார்டியன்களின் தீர்மானமும் லண்டனில் இருந்த மேலதிகாரத்துக்குப் போகும். 1871 வரை அது ஏழையர் சட்ட வாரியம், பிறகு உள்ளாட்சி வாரியம். அங்கிருந்து அனுமதி வந்த பின்தான் பணம் கொடுக்கலாம். கடல் எப்படி இருக்கும் என்றே தெரியாத எட்டு வயதுப் பிள்ளை தந்த சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பது நியாயம். ஆனால் தேடுபவருக்கு அந்தச் சம்பிரதாயம் ஒரு வரம். தீர்மானம், நீதிபதி சான்று, வாரியக் கடிதம் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று இடத்தில் தடம் விழுகிறது.

கார்டியன்கள் தாங்களாகக் கப்பல் ஏற்பாடு செய்யவில்லை. முகவர்களிடம் ஒப்படைத்தார்கள். முதல் ஆள் மரியா ரை. 1869 அக்டோபரில் லிவர்பூலிலிருந்து முதல் குழுவோடு புறப்பட்டார். ஒன்டாரியோவின் நயாகரா ஆன் த லேக்கில் பழைய சிறையும் நீதிமன்றமுமாக இருந்த கட்டடத்தை வாங்கி, ‘அவர் வெஸ்டர்ன் ஹோம்’ என்று வரவேற்பு இல்லமாக்கினார். அவர் அழைத்துப்போனவர்களில் பெரும்பாலோர் சிறுமிகள், பலர் ஒர்க்ஹவுஸ் பிள்ளைகள். மறு ஆண்டு, கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் தொண்டு செய்துகொண்டிருந்த ஆனி மாக்ஃபெர்சன் தன் குழுக்களை அனுப்பத் தொடங்கினார். அவருடைய இல்லம் ஒன்டாரியோவின் பெல்வில் நகரில் இருந்த மார்ச்மான்ட்.

கனடாவில் நடந்தது இதுதான். வரவேற்பு இல்லத்துக்கு முன்பே விண்ணப்பங்கள் வந்து குவிந்திருக்கும், இருக்கும் பிள்ளைகளைப் போலப் பல மடங்கு. விண்ணப்பிக்கும் விவசாயி உள்ளூர்ப் பாதிரியாரிடமோ முக்கியஸ்தரிடமோ நற்சான்று வாங்கித் தர வேண்டும். பிறகு ஒரு ஒப்பந்தப் பத்திரம். வயதுக்கேற்ப மூன்று படி உண்டு. மிகச் சிறிய பிள்ளைகளைச் சில இல்லங்கள் பணம் கொடுத்துக் குடும்பங்களில் தங்கவைத்தன. கொஞ்சம் வளர்ந்ததும் சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு ஈடாக வீட்டு வேலை, பண்ணை வேலை. பதினான்கு பதினைந்து வயதுக்கு மேல் சம்பளம். ரையின் பத்திரத்தில் பதினைந்து வயது வரை உணவும் உடையும் மட்டும்தான். பதினைந்திலிருந்து பதினேழு வரை மாதம் 3 டாலர், பதினெட்டு வரை 4 டாலர்.

இந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆவணங்களில் காணும் குழப்பங்களுக்கெல்லாம் வேர் இங்கேதான். பத்திரத்தில் ஒரு திருப்பி அனுப்பும் விதி இருந்தது. பிடிக்கவில்லை என்றால் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை இல்லத்துக்கே அனுப்பிவிடலாம். அறுவடை முடிந்து, குளிர்காலத்தில் சோறு போட மனமில்லாமல் திருப்பியவர்கள் உண்டு. படுக்கையில் சிறுநீர் கழிக்கிறான் என்பது திரும்பத் திரும்பக் காணப்படும் காரணம். பெற்றோரைப் பிரிந்து, கடல் தாண்டி, முன்பின் தெரியாத வீட்டில் உறங்கும் பிள்ளைக்கு வேறென்ன நேரும்? சம்பளப் படி எட்டியதும், அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு சம்பளம் கேட்காத சின்னப் பிள்ளையை வாங்கிக்கொள்வதும் நடந்தது. ஆகவே ஒரே பிள்ளை நான்கைந்து பண்ணை மாறியிருப்பது சாதாரணம். 1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) ஒரு ஊரில் அகப்பட்டவர் 1901 கணக்கில் நூறு மைல் தள்ளி இருந்தால் அது வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பள்ளிக்கூடம் இன்னொரு உடைப்பு. ஒன்டாரியோவில் 1891 முதல் எட்டிலிருந்து பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி. நடைமுறையில் விதைப்பிலும் அறுவடையிலும் ஹோம் பிள்ளை வயலில்தான் நிற்கும், பனி விழும் மாதங்களில் மட்டும் வகுப்புக்கு வரும். வந்தாலும் ‘ஹோம் பாய்’, ‘ஹோம் கேர்ள்’ என்ற கேலி காத்திருக்கும். உடன்பிறந்தவர்களை ஒரே வீட்டில் வைப்பார்கள் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு பண்ணைக்குத் தேவை ஒரு பையன். தம்பி அடுத்த ரயில் நிலையத்தில் இறக்கப்படுவான்.

‘தத்து’ என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வாசகர்கள் இதில் எளிதில் வழி தவறுவார்கள். நமக்குச் சுவீகாரம் என்றால் சடங்கு, வாரிசு, சொத்துரிமை எல்லாம் சேர்ந்தது. ஒன்டாரியோவில் 1921 வரை தத்தெடுப்புக்குச் சட்டமே கிடையாது, இங்கிலாந்தில் 1926 வரை இல்லை. ஆக, அதற்கு முந்தைய கனடியக் குடிக்கணக்கில் ‘தத்துப்பிள்ளை’ என்று எழுதியிருந்தால் அது வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை, அவ்வளவே. உயிலில் பெயர் இருக்கும் என்று தேடிப் பயனில்லை. ஆண்ட்ரூ டாய்ல் கனடாவில் சந்தித்த ஒரு சிறுமி இதை எல்லோரையும் விடத் தெளிவாகச் சொன்னாள்: கூலி கொடுக்காமல் வேலை வாங்க ஒரு பெண்ணை வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் தத்து.

இந்த டாய்ல் உள்ளாட்சி வாரியத்தின் ஆய்வாளர். 1874இல் வாரியம் அவரைக் கனடாவுக்கு அனுப்பியது. சுமார் 400 பிள்ளைகளை அவர்கள் இருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். 1875இல் வெளியான அவருடைய அறிக்கை, இந்த விஷயத்தில் படிக்க வேண்டிய முதல் ஆவணம் என்பது என் கருத்து. ரையின் நேர்மையை அவர் சந்தேகிக்கவில்லை. அவர் கைவைத்த இடம் வேறு. பிள்ளையை ஒரு வீட்டில் விட்ட பிறகு போய்ப் பார்க்க ஆளில்லை. எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்ற ஒழுங்கான பதிவேடு கூட இல்லை. இடம் சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. அறிக்கையின் விளைவாக ஒர்க்ஹவுஸ் பிள்ளைகளை அனுப்புவது 1875இல் நிறுத்தப்பட்டது, 1883 வரை திறக்கவில்லை. தேடுபவர்கள் இந்த இடைவெளியை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். 1878இல் ஒரு பிள்ளை போயிருந்தால், அநேகமாகத் தொண்டு இல்லத்தின் வழியாகத்தான் போயிருக்கும்.

மீண்டும் தொடங்கியபோது ஒர்க்ஹவுஸ் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு கூடியது. கனடிய அரசின் குடியேற்ற அதிகாரிகள் ஆண்டுக்கொரு முறை போய்ப் பார்த்து, லண்டனுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். தொண்டு இல்லத்துப் பிள்ளைகளுக்கு அன்று அதுவும் இல்லை. அந்தந்த இல்லத்தின் பார்வையாளர்தான் எல்லாம். ஒர்க்ஹவுஸ் என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம், ஆனால் கண்காணிப்பில் அந்த வாசல் வழியாகப் போன பிள்ளைக்கே ஒரு படி மேலான காவல் இருந்தது. போதவில்லை என்பது வேறு. ஆண்டுக்கு ஒரு வருகை, அதுவும் வீட்டுக்காரர் எதிரில் நிற்கும்போது கேட்ட கேள்வி என்றால், பிள்ளை என்ன பதில் சொல்லும்?

அடுத்து தொண்டு இல்லங்களின் வாசல். அங்கே நீதிபதி முன் சம்மதம் இல்லை. பெற்றோர் அல்லது உறவினர் போட்ட கையெழுத்து போதும். சில வேளைகளில் அதுவும் இல்லை. பர்னார்டோ பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளைகளை எடுத்துச் சென்றதை அவரே ‘கருணையின் பொருட்டுக் கடத்தல்’ என்ற பொருள்படக் குறிப்பிட்டார். நீதிமன்றம் வரை போன வழக்குகளுக்குப் பிறகு, 1891இல் பிள்ளைகள் காவல் சட்டம் இல்லங்களின் கையை வலுப்படுத்தியது. கப்பல் போன பிறகே பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் வழக்கமும் அவரிடம் இருந்தது. பிள்ளையின் கோப்பில் அப்படியொரு அறிவிப்பைக் கண்டால், அந்தத் தாய்க்கு விடைபெறக் கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று பொருள்.

1895 நவம்பரில் ஒன்டாரியோவின் கெப்பல் பகுதியில் ஜார்ஜ் கிரீன் என்ற பதினைந்து வயது பர்னார்டோ பையன், வந்த சில மாதங்களில் பண்ணையிலேயே இறந்தான். உடலில் காயங்களும் பட்டினியின் அடையாளங்களும் இருந்தன. வேலை கொடுத்தவர் மீது வழக்கு நடந்தது, ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, யாருக்கும் தண்டனை இல்லை. பத்திரிகைகளில் ஒரு பகுதி, இப்படிப்பட்ட மட்டமான பிள்ளைகளை ஏன் எங்கள் நாட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று செத்தவனையே குற்றவாளியாக்கியது. 1897இல் ஒன்டாரியோ ஒரு சட்டம் கொண்டுவந்து இல்லங்களை அரசு மேற்பார்வைக்குள் இழுத்தது. 1900 வாக்கில் ஜி. போக் ஸ்மார்ட் மத்திய அரசின் தலைமை ஆய்வாளரானார். 1924இல் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு கனடாவுக்குப் போய், வேலை செய்யும் வயதை எட்டாத பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது என்றது. 1925 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் இல்லாமல் வருவதைக் கனடா தடுத்தது. டாய்ல் எச்சரித்து அதற்குள் ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது.

இனி தேடும் வேலை. லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸ் கனடாவின் ‘ஹோம் சில்ட்ரன்’ தரவுத்தளத்தில் தொடங்குங்கள், இலவசம். அது முதன்மையாகக் கப்பல் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டது. பெயரைச் சரியான எழுத்தில் மட்டும் தேடினால் ஏமாற்றம்தான். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முதல் எழுத்து மாறியிருக்கும், வயது ஓரிரண்டு ஆண்டு தவறியிருக்கும். குடும்பப் பெயரின் ஒரு பகுதியும் பயண ஆண்டை ஒட்டிய நான்கைந்து ஆண்டுகளுமாகத் தேடுங்கள். பிறகு பட்டியலின் மூலப் படத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள். பிள்ளைகள் குழுவாக, அழைத்துச்சென்றவர் பெயரின் கீழ் வரிசையாக இருப்பார்கள். அந்தத் தலைப்பு தரவுத்தளத்தில் வராமல் போகலாம்.

பட்டியலில் சேரும் ஊர் என்ன என்று பாருங்கள், யார் அனுப்பினார்கள் என்பதை அதுவே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். நயாகரா என்றால் ரை, 1890களின் நடுவிலிருந்து அவருக்குப் பின் பொறுப்பேற்ற இங்கிலாந்துத் திருச்சபையின் வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ் சங்கம். அச்சங்கத்துப் பையன்கள் கியூபெக்கின் ஷெர்புரூக்கில் இறங்கினார்கள். பீட்டர்பரோ என்றால் பர்னார்டோ சிறுமிகளின் ஹேசல்பிரே இல்லம், டொராண்டோ என்றால் பர்னார்டோ பையன்களாக இருக்கலாம். பிராக்வில் என்றால் ஸ்காட்லாந்தின் குவாரியர் இல்லங்கள். ஹாமில்டன் என்றால் நேஷனல் சில்ட்ரன்ஸ் ஹோம். ஒன்டாரியோவின் லண்டன் நகரும் பிற்காலத்து ஹாலிஃபாக்ஸும் பர்மிங்ஹாமின் மிடில்மோர் இல்லத்தைக் காட்டும். ஸ்ட்ராட்ஃபோர்டு மாக்ஃபெர்சன், கியூபெக்கின் நோல்டன் அவருடைய தங்கை லூயிசா பர்ட். ஒட்டாவாவின் செயின்ட் ஜார்ஜஸ் இல்லம் என்றால் கத்தோலிக்கப் பிள்ளை. பெல்வில்லில் மட்டும் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம், மார்ச்மான்ட் வேறு அமைப்புகளின் பிள்ளைகளையும் ஏற்றது. ஒரு இல்லத்தின் பெயர் கிடைத்துவிட்டாலும் ஒர்க்ஹவுஸ் தொடர்பு இல்லை என்று ஆகாது. கார்டியன்கள் இந்த இல்லங்களின் மூலமும் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

ஒர்க்ஹவுஸ் பிள்ளை என்று தெரிந்தால் இங்கிலாந்தில் மூன்று இடம். உள்ளூர் ஆவணக் காப்பகத்தில், லண்டன் பகுதிக்கு லண்டன் ஆர்க்கைவ்ஸில் (2024 வரை லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ் என்று பெயர்), கார்டியன்களின் கூட்டக் குறிப்பேடும் ‘க்ரீட் ரெஜிஸ்டர்’ எனப்படும் மதப் பதிவேடும் இருக்கும். பின்னதை முதலில் பாருங்கள்: உள்ளே வந்த நாள், வெளியே போன நாள், போன இடம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும், ‘கனடா’ என்றே எழுதியிருப்பதும் உண்டு. இரண்டாவது, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசியக் காப்பகத்தின் எம்.எச். 12 வரிசை: யூனியன்களும் லண்டன் வாரியமும் 1900 வரை பரிமாறிக்கொண்ட கடிதங்கள், கவுண்டி வாரியாகவும் யூனியன் வாரியாகவும். மூன்றாவது பலர் தவறவிடுவது. அதே காப்பகத்தின் எம்.எச். 19 வரிசையில், 1887 முதல் 1892 வரை கனடாவிலிருந்து வந்த பிள்ளைவாரியான ஆய்வு அறிக்கைகள் இருக்கின்றன. உடல்நிலை, நடத்தை, பள்ளி, கோயில் வருகை, அனுப்பிய யூனியன் பெயர், கூடவே அந்த வீட்டைப் பற்றிப் பிள்ளையே என்ன சொன்னது என்பதும்.

தொண்டு இல்லத்துப் பிள்ளை என்றால், அந்த இல்லத்தின் இன்றைய வாரிசு அமைப்புக்கு எழுத வேண்டும். பர்னார்டோவுக்கு அதே பெயரில் குடும்ப வரலாற்றுச் சேவை இருக்கிறது. வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸுக்கு சில்ட்ரன்ஸ் சொசைட்டி, நேஷனல் சில்ட்ரன்ஸ் ஹோமுக்கு ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன். மிடில்மோர் ஆவணங்கள் பர்மிங்ஹாம் நகரக் காப்பகத்தில். கோப்பு கேட்கும்போது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, கப்பல் பெயர், புறப்பட்ட நாள், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவுக்கு ஆதாரம் ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள். கப்பல் விவரம் இல்லாமல் அனுப்பினால் ஒரே பெயருள்ள இன்னொருவரின் கோப்போடு குழம்ப வாய்ப்புண்டு. பர்னார்டோ கோப்பில் சேர்க்கையின்போது எடுத்த புகைப்படம் இருக்கக்கூடும். 1870களின் ‘முன்பு, பின்பு’ படங்களில் கந்தல் உடை வேண்டுமென்றே காட்டப்பட்டது என்று 1877இல் நடுவர் விசாரணையே கண்டித்தது. ஆகவே படத்திலுள்ள கிழிசலை வைத்துக் குடும்பத்தின் வறுமையை அளக்காதீர்கள்.

கனடாவில் அடுத்த படி குடிக்கணக்குகள். 1901ஆம் ஆண்டுக் கணக்கில் பிறந்த தேதியும் குடியேறிய ஆண்டும் இருப்பதால் அதுதான் மிகவும் உதவும். 1920களில் வந்தவர்களுக்கு ஆய்வாளர்களின் அட்டைகள் கனடாக் காப்பகத்தில் இருக்கின்றன. பையன் முதல் உலகப் போரின் வயதுக்காரன் என்றால் கனடியப் படைக் கோப்பைத் திறவுங்கள், எல்லாம் எண்ணிம வடிவில் கிடைக்கின்றன. ஹோம் பிள்ளைகளில் சுமார் 10,000 பேர் அந்தப் படையில் சேர்ந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் இங்கிலாந்திலுள்ள தாயின் முகவரி, அண்ணனின் பெயர் என்று ஏதாவது அகப்படும். சிலர் பண்ணைக்காரரின் பெயரை எழுதினார்கள், சிலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார்கள். பிறந்த ஊரை மட்டும் பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டுவிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் படைகளின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற கிளாட் நன்னி ஒட்டாவா இல்லத்தின் வழியாக வந்த ஹோம் பிள்ளை. அவர் தன் பிறப்பிடம் டப்ளின் என்று சொல்லிச் சேர்ந்தார், பிறந்தது இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில். கூசியோ, மறந்தோ, தெரியாமலோ மாற்றிச் சொன்னவர்கள் இன்னும் எத்தனையோ பேர்.

எங்கும் அகப்படாத பெயர்களுக்குக் கல்லறைப் பதிவேடுகளையும் பார்த்துவிடுங்கள். டொராண்டோவின் பார்க் லான் கல்லறையில் 75 ஹோம் பிள்ளைகள் அடையாளக் கல் இல்லாமல் புதைக்கப்பட்டிருந்தார்கள். 2017இல்தான் அவர்களின் பெயர்களைப் பொறித்து ஒரு கல் நாட்டினார்கள். கனடாவின் மக்களவை ஒருமனதாக மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியதும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் 2010 பிப்ரவரியிலேயே மன்னிப்புக் கேட்டிருந்தார். செப்டம்பர் 28 இப்போது கனடாவில் ஹோம் சைல்ட் நினைவு நாள். உள்ளூர் ஆவணக் காப்பகங்களும் வம்சாவளிச் சங்கங்களும் அந்த நாளை ஒட்டி நிகழ்ச்சிகள் நடத்துவதுண்டு. கையில் ஒரு பெயரும் ஒரு கப்பல் பட்டியலும் மட்டும் இருப்பவர்கள் அங்கே போய்க் கேட்கலாம்.